பெயர் சொல்லாமல் ஒரு தூத்துக்குடிப் பயணம்

என் வீட்டுக்காரரின் பெயரை இதில் எங்கேயும் எழுதப்போவதில்லை. ஆனாலும் அது என்னவென்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். கடலில் சிப்பியைப் பிளந்து எடுக்கிறார்களே, நவரத்தினங்களில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று, அதுதான். முன்னால் ஒரு சாமி பெயர் கிடையாது, பின்னாலும் கிடையாது. வெறும் மூன்றெழுத்து. அவருடைய அம்மா ஆசையாக வைத்தது.

எங்கள் கொங்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். பெயரோடு விட்டால் பரவாயில்லை, அந்தப் பெயர் கலந்து வருகிற எந்தச் சொல்லையும் சொல்லக்கூடாது. என் அத்தை ஒருத்தி, புருஷன் பெயரில் ஒரு மலை இருந்ததால், அந்த மலைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ‘தெற்கே போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் சொல்வாள். தெற்கே எங்கே என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்வாள்.

என் நிலைமை அவளைவிட மோசம். எங்கள் பக்கத்தில் ஆமணக்கு விதைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்டில் ஆமணக்குப் போட்டிருந்தோம். நிச்சயமான மறுநாளிலிருந்து நான் அதை ‘விளக்கெண்ணெய்க் கொட்டை’ என்று சொல்ல ஆரம்பித்தேன், வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தது. உடம்பில் எழும்பும் கொப்புளத்துக்கும் அதே பெயர். ‘அது இறங்கிவிட்டதா?’ என்று வாசலில் நின்று கேட்டேன். எது என்று கேட்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவளைத்தான் கல்யாணமான கையோடு அவர் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருடங்கள் அவை. அவர் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியூர் சுற்றிப் பார்க்கப் போவது எங்கள் ஊரில் கேள்விப்படாத சங்கதி. ‘ஹனிமூன்’ என்ற சொல்லை ஆலை மானேஜரின் வாயிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் அதைச் சொன்னால் விளக்குமாறு பறக்கும். அதனால், தூத்துக்குடிப் பஞ்சு வியாபாரி அழைத்திருக்கிறார், கொஞ்சம் ஆலை வேலையும் இருக்கிறது, இவளுக்கும் கடலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று பொய்யும் மெய்யுமாகக் கலந்து சொன்னார். என் அம்மா கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். அத்தை என்னைத் தனியே இழுத்துப்போய், "பொறத்தியூருல ஆராச்சும் புருஷன் பேரக் கேட்டா வாயத் தொறந்துராத அம்மிணி, பக்கத்துல இருக்கறவங்களச் சொல்லச் சொல்லு" என்றாள்.

மதுரை தாண்டிக் கரிசல்காடு வந்தது. வண்டியில் கூட்டம் குறைந்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

"ஏம்புள்ள, உன்னை எதுக்கு இந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், தெரியுமா?" என்றார்.

"கடல் பாக்கத்தானுங்க."

"கடல் ராமேசுவரத்துலயும்தான் இருக்குது." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "தூத்துக்குடியில கடைவீதி பூரா என்ற பேரைத்தான் விக்கறாங்க. நீ எப்படிச் சொல்லாம தப்பிக்கறேன்னு பாக்கறேன்."

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும், இன்றைக்கும் அப்படித்தான். என்னைப் பந்தயக் கோழி மாதிரிக் கூட்டிப்போகிறாரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பனைமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, விளையாட்டுக் குரலை விட்டுவிட்டுப் பேசினார்.

"என்ற அம்மா போனதுக்கப்புறம் அந்தப் பேரை ஆரும் கூப்பிடறதில்ல. மாமன் ஊட்டுல ‘டேய்’. ஆலையில ‘குமாஸ்தா’. உங்க ஊட்டுல ‘மாப்பிள்ளை’. கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சிருந்ததப் பாத்தப்பத்தான், அட, நமக்கு இப்படி ஒரு பேரு இருக்குதேன்னு எனக்கே ஞாபகம் வந்துது."

அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் அம்மா வாந்திபேதியில் போய்விட்டார். அதற்கு முன்பே அப்பா இல்லை. வளர்த்தது மாமன்.

"சாகறதுக்குள்ள ஒருக்கா உன்ற வாயால கூப்பிட்டுட்டீன்னாப் போதும்" என்றார்.

"சாகறது கீகறதுன்னு பேசாதீங்க. அது வரக்கூடாதுன்னுதானுங்க நான் கூப்பிடாம இருக்கறது" என்று சொன்னேன். அவர் கேட்பதைக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் கழுத்தில் மஞ்சள் காயவில்லை. என் வாயாலேயே என் தாலிக்கு வினை தேடிக்கொள்வதா? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மணியாச்சியில் வண்டி நின்றபோதும் அவர் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டேன்.

பஞ்சு வியாபாரியை ஊரே அண்ணாச்சி என்றது, நாங்களும் அண்ணாச்சி என்றோம். அதனால் அவர் மனைவி எங்களுக்கு மதினி. மதினி நல்ல உயரம், குரலும் உயரம். உள்ளே நுழைந்ததுமே, "ஏளா, வா வா, கறுத்துப்போயி வந்திருக்கியே, ரயிலு கரியா இது?" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எங்கள் ஊரில் ஆடு மாட்டைத் தவிர எல்லாரையும் ‘வாங்க போங்க’ என்பவர்கள் நாங்கள். ஏளா என்றதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அது அங்கே செல்லம் என்று தெரிய ஒரு நாள் ஆயிற்று.

அடுத்ததாக வந்ததுதான் பெரிய அதிர்ச்சி. கைகால் கழுவி வந்தவளிடம் மதினி, "ஒன் வீட்டுக்காரரு முத்தத்துல இருக்காரு. நீயும் போயி முத்தத்துல காத்தாட இரு, நான் காப்பி கொண்டாரேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அதுவும் அவர் பெயரின் முதல் இரண்டெழுத்தில் தொடங்குவதால், அந்த ஒரு அர்த்தத்திலும் நான் அதைச் சொன்னதில்லை. மதினியோ உரக்க, சமையல்காரம்மா காதில் விழ, சொல்லிவிட்டுப் போகிறாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு உள்ளே திறந்த வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர், சங்கதி புரிந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார். அந்த ஊரில் முற்றத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தினமும் விடிந்ததும் மதினி, "முத்தம் தெளிச்சாச்சா?" என்று சத்தம் போடுவாள். அவர் பாயில் படுத்தபடியே என் பக்கம் திரும்பி, "ஆச்சான்னு கேக்கறாங்க" என்பார்.

கடலை முதன்முதலாகப் பார்த்தபோது நான் என்ன சொல்வேன் என்று அவர் ஆவலாக நின்றார். கிணற்றில் தண்ணீர் ஊற ஊற இறைத்துப் பாய்ச்சுகிற காட்டில் வளர்ந்தவள் நான். "இத்தனை தண்ணி இருந்து என்னங்க, ஒரு பாத்திக்குப் பாயுமா?" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அண்ணாச்சி குதிரை வண்டியில் வேம்பார் ரோட்டுப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி கட்டி அந்தக் கடல் தண்ணீரையே பாய்ச்சியிருந்தார்கள். பயிர் மட்டும் இல்லை, வெள்ளை வெளேரென்று உப்பு. "இந்தா, பாஞ்சிருக்குது பாரு" என்றார் அவர். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தார்.

கடைவீதிக்கு அவரே ஆவலாகக் கூட்டிப் போனார். மாதா கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சங்கும் சிப்பியும் அடுக்கி வைத்த ஒரு கடை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன வேணும் தாயி?" என்று கேட்டார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேல்கூரையில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் அண்ணாந்து நின்றார்.

"சிப்பிக்குள்ள இருக்குமுங்களே, அதுங்க" என்றேன்.

"சிப்பிக்குள்ளயா? கறியா கேக்கிய?" கடைக்காரர் குழம்பிவிட்டார். "அது இங்கன எப்படிக் கிடைக்கும்? திரேஸ்புரத்துக்குல்லா போவணும்?"

"கறி இல்லீங்க. கழுத்துல போடறதுங்க."

சங்கு மணி மாலை ஒன்றை எடுத்துப் போட்டார். வெள்ளையாக, உருண்டையாக இருக்கும் என்றேன். சோழியைக் காட்டினார். உருண்டை உருண்டை என்று நான் விரலைக் குவித்துக் காட்டக் காட்ட, கண்ணாடிப் பாசி வந்தது, ஸ்படிகம் வந்தது, சிறு பிள்ளைகள் ஆடும் கோலிகூட வந்தது. பக்கத்தில் நின்ற அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக் கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ஓஹோ! ஒங்க வீட்டுக்காரரு பேரு அதானா?" என்று அவரும் சேர்ந்துகொண்டு சிரித்தார். "அது இப்ப வரத்து இல்ல தாயி. சிப்பிக் குளி நடந்து வருசம் எம்புட்டோ ஆச்சு. இப்பக் கடல்ல முங்குதவன்லாம் சங்குக்குத்தான் முங்குதான். பழைய சரக்கு கொஞ்சம் கிடக்கு, பாக்குதியளா?" என்று ஒரு தகர டப்பாவைத் திறந்தார். பஞ்சின்மேல் பத்துப் பதினைந்து மணிகள் கிடந்தன. நான் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினேன். விரல் நீட்டினால் போதும் என்ற புத்தி அப்போதுதான் வந்தது.

கடையை விட்டு வெளியே வந்ததும், "பாத்தீங்களா, சொல்லாமயே வாங்கிட்டேன்" என்று ஜம்பமாகச் சொன்னேன். "நீ கெட்டிக்காரிதான் புள்ள" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மக்ரூன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நடந்து வந்த வழியெல்லாம், முன்னிருந்த கலகலப்பு அவரிடம் இல்லை. ஜெயித்த சந்தோஷம் எனக்கு வீடு வருவதற்குள் போய்விட்டது. அந்த மணியைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் துறைமுகம் பார்க்கப் போனோம். அங்கே கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். தோணிக்குச் சரக்கு கொண்டுபோகக் கடலுக்குள் நீளமாக ஒரு பாலம். அதன்மேல் தண்டவாளம் போட்டு, பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் ஏற்றிய டிராலிகளைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். அண்ணாச்சி சுங்க ஆபீசுக்குள் யாரையோ பார்க்கப் போயிருந்தார். மதினி கரையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே தெரிந்தவள் ஒருத்தியைக் கண்டு பேச்சில் இறங்கிவிட்டாள். இவர், கப்பலை நன்றாகப் பார்க்கிறேன் என்று பாலத்தில் கொஞ்ச தூரம் முன்னால் போய்விட்டார். நான் பலகை இடுக்கில் தெரிந்த தண்ணீரைப் பார்த்துப் பயந்து, பாலத்தின் தொடக்கத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைத் தாண்டி ஒரு டிராலி போயிற்று. ஆளுயரத்துக்குமேல் பஞ்சுப் பொதி அடுக்கியிருந்தது. பின்னால் இரண்டு பேர் தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. நான் ஓரமாக நின்றதால் எனக்குத் தெரிந்தது. அவர் தண்டவாளத்துக்கு நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான். "ஏனுங்க! ஏனுங்க!" கடல் காற்று எதிரே வீசிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. டிராலி தள்ளுகிறவர்களுக்கும் அது யாரைக் கூப்பிடுகிற சத்தம் என்று தெரியவில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். ‘வண்டியை நிறுத்துங்க’ என்று கத்தியிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். பதறுகிற நேரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? என் வாயில் வந்தது இன்னொரு சொல்தான்.

கத்தினேன். அந்த மூன்றெழுத்தை, தொண்டை கிழிய, ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை கத்தினேன்.

டிராலி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னயா கூப்பிட்டிய?" என்றான் ஒருவன்.

"ஒன்ன எதுக்குல கூப்பிடுதாவ, என்னயத்தான்" என்றான் மற்றவன்.

இரண்டு பேருக்கும் அதே பெயர். அது மட்டுமா? கீழே தோணியில் நின்ற ஒருவன் தலையை நீட்டி, "யாரு அது?" என்றான். மூட்டை சுமந்து வந்த ஒரு பெரியவர் சுமையோடு நின்று, "எனக்கா?" என்றார். அந்தக் கடற்கரையில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு அந்தப் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? போதாததற்குச் சிப்பி மாலை விற்கிறவர் ஒருவர் கூடையோடு ஓடி வந்து, "சரக்கு இங்கன இருக்கு தாயி" என்றார்.

நான் பாலத்தில் அவர் நின்ற பக்கம் கையை நீட்டினேன். டிராலிக்காரர்களில் ஒருவன் பொதிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். "ஏ அய்யா! தண்டவாளத்த விட்டு எறங்கும் ஓய்!" என்று அலறினான். வண்டி நின்ற இடத்திலிருந்து அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சாவகாசமாக என்னிடம் வந்தார். "என்ன புள்ள, இங்க என்ன கூட்டம்?"

"நல்லாக் கேட்டீரு" என்றான் டிராலிக்காரன். "ஒங்க வீட்டம்மா பேரச் சொல்லிச் சொல்லிக் கத்துதாவ. தொறமுகத்துல இருக்கவன்லாம் திரும்பிட்டான், நீரு ஒருத்தர்தான் திரும்பல. காது கேக்காதோ?"

அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டுது" என்றார் மெதுவாக. "ஆரோ சரக்கு விக்கறாங்கன்னு நெனச்சேன்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. டிராலி போயிற்று. ஓரமாகக் கிடந்த ஒரு பஞ்சுப் பொதியின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேர் பார்க்கப் போன இடத்தில் தூங்கிவிட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் கேட்டுருக்குது. எனக்கும் கேட்டுத்தான் இருக்குது" என்றார். "ஆனா என்னைத்தான்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அவ்வளவு நாளாச்சு."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னால் ஆயுசு குறையும் என்றாள் அத்தை. சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். அப்படியும் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முதலில் கத்தியது பதற்றத்தில். அதைச் சாமி பொறுத்துக்கொள்ளும். இனிமேல் சொன்னால் அது தெரிந்தே சொல்வது. ஆனால் பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பெயர்க்காரன் எவனும் பக்கத்தில் இல்லை. அவர் காதுக்கு அருகில் குனிந்து, சத்தம் போடாமல், வீட்டுக்குள்ளிருந்து ஒருவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"வந்துட்டனம்மா" என்றார்.

சட்டென்று, யோசிக்காமல், யாரோ ஒரு சின்னப் பையனின் குரலில் வந்தது அது. என்ன சொன்னோம் என்பது அவருக்கே அதற்குப் பிறகுதான் உறைத்தது. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது, இந்தத் தடவை சிரிப்பினால் இல்லை. பாலத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிட்டேன்.